தேக்கம் என்ற சொல்

தேக்கம் என்ற சொல்லை இந்த மாதிரிப் பத்திரிகைகளில் நாம் இலக்கியச் சூழலைக் குறித்தே எழுதி வந்திருக்கிறோம். அச்சொல்லுக்கு வைத்தியத் துறையில் ஒரு தனிச் சரித்திரம் உண்டு. கிருமி ஒன்று வெளியே தெரியாமல் தங்கியிருந்து, சமயம் வாய்த்தபோது மறுபடி கிளம்புவதற்கு இடம் தருவது எதுவோ அதைத் தேக்கம் என்பார்கள். வௌவால் ஒரு தேக்கம். எலி ஒரு தேக்கம். மனிதர்களையும் இப்படிச் சொன்னதுண்டு. பால்வினை நோய்களைப் பற்றி இருபதாம் நூற்றாண்டில் மேற்கே வெளியான சுகாதாரப் பிரசுரங்களில், பாலியல் தொழில் செய்த பெண்கள் தொற்றின் தேக்கம் என்றே குறிப்பிடப்பட்டார்கள். எய்ட்ஸ் வந்தபோது இந்தப் பதம் தயாராக இருந்தது. எடுத்துப் பிரயோகித்துக்கொண்டார்கள்.

பதினைந்து வருஷங்களுக்குள் அதே சொல் முற்றிலும் வேறான ஒன்றைக் குறிக்கலாயிற்று. இன்று எச்.ஐ.வி. ஆராய்ச்சியில் தேக்கம் என்றால், எந்த மருந்தாலும் தொட முடியாத, தேடினாலும் சுலபத்தில் அகப்படாத, மிகச் சில வெள்ளணுக்கள் என்று அர்த்தம். மனிதர்கள் மேல் ஒட்டியிருந்த ஒரு சொல் செல்லுக்குள் போய்ச் சேர்ந்த சரித்திரம் இது. இந்நோய்க்குக் குணம் உண்டா என்ற கேள்வியும் இந்தச் சரித்திரத்துக்குள்ளேயே இருப்பதால் இரண்டையும் சேர்த்தே எழுத வேண்டியிருக்கிறது.

1

1981 ஜூன் 5ந் தேதி அமெரிக்க அரசின் நோய்த் தடுப்பு வாரச் சஞ்சிகையில் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரைச் சேர்ந்த ஐந்து இளைஞர்களுக்கு வந்த ஒரு அபூர்வ நிமோனியாவைப் பற்றிய சிறு குறிப்பு வெளியாயிற்று. 1983ல் பாரிஸ் பாஸ்டர் ஆய்வகத்தில் பிரான்ஸ்வாஸ் பாரே-ஸினூஸியும் லுக் மாந்தான்யேயும் அவர்களது சகாக்களும் வைரஸைப் பிரித்தெடுத்தார்கள்.

இந்தியாவில் தொற்று முதலில் உறுதியானது 1986ல், சென்னையில். சென்னை மருத்துவக் கல்லூரியில் நுண்ணுயிரியல் பேராசிரியராக இருந்த சுனிதி சாலமனும், அவரிடம் ஆய்வு மாணவியாக இருந்த நிர்மலா செல்லப்பனும் ரத்த மாதிரிகளைத் திரட்டி வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் சோதித்தபோது ஆறு மாதிரிகளில் தொற்று தெரிந்தது. நம் நாட்டுக்கு இது வராது என்று பெரியவர்கள் நம்பியிருந்த சமயத்தில், வசதிகள் மிகக் குறைந்த நிலையில் செய்யப்பட்ட இந்த வேலையின் மதிப்பு பெரியது. அதே நேரத்தில், மாதிரி எடுக்கப்பட்டது யாரிடமிருந்து என்பதையும் மறக்கக் கூடாது. அரசாங்கக் காப்பு இல்லத்தில் அடைக்கப்பட்டிருந்த பெண்கள் அவர்கள். பின்னாளில், அடைப்புக் காலம் முடிந்த பிறகும் தொற்று இருப்பதைக் காரணமாகச் சொல்லி வைத்திருக்கப்பட்ட பெண்கள் வெளியே வருவதற்குச் சென்னை உயர்நீதிமன்றம்வரை போக வேண்டியிருந்தது. தேக்கத்துக்கு அணை கட்டுவது என்ற சிந்தனையின் தர்க்கபூர்வமான முடிவு இதுதான். உருவகம் சட்டமாகிவிட்டது.

ஸூஸன் ஸான்டாக் 1989ல் எய்ட்ஸையும் அதன் உருவகங்களையும் பற்றி ஒரு சிறு நூல் எழுதினார். படையெடுப்பு, முற்றுகை என்ற யுத்த பாஷை நோயாளியையே எதிரியாக்கிவிடுகிறது என்பது அவர் வாதம். அது மேற்கத்திய நகரங்களை மனதில் வைத்து எழுதப்பட்டது. ஆனால் அதன் ஸ்தூலமான உதாரணம் சென்னையில் ஒரு மதில் சுவருக்குள் இருந்தது.

2

வைரஸ் எங்கே தங்குகிறது என்ற கேள்விக்கு எச்.ஐ.வி. வருவதற்கு முன்பே ஒருவர் பதில் சொல்லியிருந்தார். கோழிகளுக்குப் புற்றுநோய் உண்டாக்கும் ரூஸ் வைரஸை ஆராய்ந்துகொண்டிருந்த ஹோவர்ட் டெமின், ஆர்.என்.ஏ.யில் எழுதப்பட்ட அந்த வைரஸ் தன்னை டி.என்.ஏ.யாகப் பிரதி செய்துகொண்டு செல்லின் பரம்பரைப் பொருளோடு கலந்துவிடுகிறது என்று 1964ல் சொன்னார். தகவல் டி.என்.ஏ.யிலிருந்து ஆர்.என்.ஏ.வுக்குத்தான் போகும், திரும்பிப் போகாது என்பது அந்நாளைய வேதவாக்கு. டெமினைப் பல வருஷங்கள் யாரும் சட்டை செய்யவில்லை. 1970ல் அவரும், தனியாக டேவிட் பால்டிமோரும், அந்தத் திரும்பிய பிரதியைச் செய்யும் என்ஸைமைக் கண்டுபிடித்தார்கள். 1975ல் நோபல் பரிசு வந்தது.

எச்.ஐ.வி.யும் இதே குடும்பம். பத்தாயிரத்துக்குச் சற்றுக் குறைவான எழுத்துக்கள் கொண்ட அதன் பிரதி, 300 கோடி எழுத்துக்கள் கொண்ட நம் ஜீன் தொகுதிக்குள் ஓரிடத்தில் செருகிக்கொள்கிறது. அந்தச் செல் உயிரோடிருக்கும்வரை அதுவும் இருக்கும். செல் இரண்டாகப் பிரிந்தால் அதுவும் இரண்டாகும். டெமின் கோழியிடம் பார்த்த விஷயத்தின் முழு விளைவு மனிதனிடம் தெரிய இன்னும் கால் நூற்றாண்டு ஆயிற்று.

3

1987ல் ஏ.இஸட்.டி. வந்தது. ஒற்றை மருந்து, சில மாதங்களில் வைரஸ் அதைத் தாண்டக் கற்றுக்கொண்டது. தொற்று ஏற்பட்டு நோய் தெரிவதற்குச் சராசரியாகப் பத்து வருஷம் போலாகிறது என்பதால், அந்த இடைக்காலத்தில் வைரஸ் உறங்குகிறது என்று பொதுவாக எண்ணப்பட்டது. 1995 ஜனவரியில் டேவிட் ஹோவின் குழுவும் ஜார்ஜ் ஷாவின் குழுவும் தனித்தனியாக வெளியிட்ட கட்டுரைகள் இதைக் கவிழ்த்தன. அவர்கள் செய்தது எளிய காரியம். புதிய மருந்து கொடுத்து, ரத்தத்தில் வைரஸ் எவ்வளவு வேகமாக இறங்குகிறது என்று அளந்தார்கள். அடைப்பை மூடியதும் தண்ணீர் வடிகிற வேகத்தைக் கொண்டு எவ்வளவு ஓடிக்கொண்டிருந்தது என்று கணக்கிடுவது போல. உறக்கமே இல்லை என்று தெரிந்தது. நாளொன்றுக்கு சுமார் 1000 கோடி வைரஸ்கள் பிறந்து அழிகின்றன என்று 1996ல் ஆலன் பெரல்ஸனின் கணிதம் சொல்லிற்று.

இந்தக் கணிதத்தில் நம்பிக்கைக்கு இடமிருந்தது. இவ்வளவு வேகமாகப் பிறந்து சாகிற ஒன்றைப் பிறக்க விடாமல் செய்தால் சீக்கிரம் தீர்ந்துவிட வேண்டும். புரோட்டியேஸ் தடுப்பான்கள் 1995 டிசம்பரிலிருந்து ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. மூன்று மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்கும் முறையின் விளைவுகள் 1996 ஜூலையில் வான்கூவர் மாநாட்டில் வெளியாயின. படுக்கையில் கிடந்தவர்கள் எழுந்து வேலைக்குப் போனார்கள். தம் ஆயுள் காப்பீட்டுப் பத்திரங்களை முதலீட்டாளர்களுக்கு விற்று அந்தப் பணத்தில் கடைசி நாட்களைக் கழிக்கத் தீர்மானித்திருந்த அமெரிக்க நோயாளிகள் சாகாமல் போனதால் வாங்கியவர்களுக்கு நஷ்டம். மரணத்தின்மேல் பணம் கட்டியவர்கள் தோற்றது அந்தச் சரித்திரத்தில் அபூர்வமாகச் சிரிக்க இடம் தரும் ஒரு சம்பவம்.

1997 மே மாதம் பெரல்ஸனும் ஹோவும் அவர்களது சகாக்களும் இன்னொரு கணக்கை வெளியிட்டார்கள். வைரஸ் முழுவதும் அடக்கப்பட்டால், 2.3 வருஷத்திலிருந்து 3.1 வருஷத்துக்குள் தொற்றிய செல்கள் தீர்ந்துவிடலாம். கண்ணுக்குத் தெரியாத இடங்களில் வைரஸ் இருந்தால் இன்னும் அதிக காலம் ஆகும் என்ற எச்சரிக்கையும் அதே கட்டுரையில் இருந்தது. செய்தியில் மூன்று வருஷம் மட்டும் தங்கிற்று, எச்சரிக்கை உதிர்ந்துவிட்டது. குணம் என்ற சொல் பொறுப்பான வாய்களில் வந்தது அப்போதுதான்.

4

அதே வருஷம் நவம்பரில் கதவு மூடிற்று. பால்டிமோரில் ராபர்ட் ஸிலிஸியானோ, சான் டியேகோவில் டக்ளஸ் ரிச்மன், பெதஸ்டாவில் ஆன்டனி ஃபாச்சி ஆகிய மூவரின் குழுக்களும் ஏறக்குறைய ஒரே சமயத்தில் ஒரே விஷயத்தைச் சொன்னார்கள். மருந்தின் பலனாக ரத்தத்தில் வைரஸே காணப்படாத மனிதர்களிடம், உறங்கும் சில வெள்ளணுக்களுக்குள் உயிருள்ள வைரஸ் இருக்கிறது.

எவ்விதச் செல்கள் இவை என்பதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். உடலுக்குள் ஒரு கிருமி நுழைந்தால் அதை அடையாளம் காணும் வெள்ளணுக்கள் விழித்துப் பெருகுகின்றன. காரியம் முடிந்ததும் பெரும்பாலானவை செத்துவிடும். மிகச் சில மட்டும் ஓய்வு நிலைக்குத் திரும்பி, அந்தக் கிருமி மறுபடி வந்தால் தெரிந்துகொள்வதற்காகப் பல வருஷங்கள், சில சமயம் ஆயுள் முழுவதும், தங்கியிருக்கும். இவற்றுக்கு விஞ்ஞானிகள் வைத்திருக்கும் பெயர் நினைவுச் செல். சிறு வயதில் ஒரு முறை தட்டம்மை வந்தவருக்கு மறுபடி வராதிருப்பது இத்தகைய நினைவினால்தான். எச்.ஐ.வி. தொற்றுவது இதே வெள்ளணுக்களை. விழித்திருக்கும் செல்லில் தொற்றினால் செல் பெரும்பாலும் செத்துப்போகும். ஓய்வுக்குத் திரும்பிக்கொண்டிருக்கும் செல்லில் தொற்றினால், செல் உறங்குகிறது. தன்னைப் படித்துப் பிரதி செய்யச் செல்லின் சாதனங்களையே நம்பியிருக்கும் வைரஸும் கூடவே மௌனமாகிவிடுகிறது. மருந்துகளோ புதிதாகத் தொற்றுவதை மட்டுமே தடுப்பவை. ஏற்கனவே எழுதப்பட்டு மூடி வைக்கப்பட்டதை அவை தொடுவதில்லை. எதிர்ப்புச் சக்தியும் மௌனமான செல்லைக் கண்டுகொள்வதில்லை.

இதைக் கண்டுபிடித்த விதம் பொறுமையின் வேலை. ஒருவரிடமிருந்து நிறைய ரத்தம் எடுத்து, உறங்கும் செல்களை மட்டும் பிரித்து, செயற்கையாக எழுப்பி, தொற்றில்லாதவரின் செல்களோடு சேர்த்து வளர்த்து, இரண்டு மூன்று வாரங்கள் காத்திருக்க வேண்டும். இப்படிப் பார்த்தபோது பத்து லட்சம் உறங்கும் செல்களில் சுமார் ஒன்றில் வைரஸ் எழுந்து வந்தது. அந்த ஒன்று போதும். மருந்தை நிறுத்தினால் பெரும்பாலோருக்கு இரண்டு மூன்று வாரங்களில் வைரஸ் ரத்தத்துக்குத் திரும்பிவிடுகிறது.

இந்தத் தேக்கம் எவ்வளவு வேகமாக வற்றுகிறது என்று ஸிலிஸியானோ குழு வருஷக்கணக்கில் அளந்தது. பாதியாகக் குறைய 44 மாதங்கள். முழுதும் தீர அறுபது வருஷங்களுக்கு மேல் என்று 1999லும், 73 வருஷங்கள் என்று 2003லும் கணக்குச் சொன்னார்கள். மூன்று வருஷம் ஆறு வருஷ இடைவெளியில் எழுபத்து மூன்று வருஷமாகிவிட்டது. அதாவது, ஒரு மனித ஆயுள்.

அந்தத் துறைக்காரர்களிடம் எனக்கு மதிப்பு ஏற்படுவது இந்த இடத்தில். நம்பிக்கையும் பணமும் புகழும் ஒரு பக்கம் குவிந்திருந்த நாளில், இல்லை என்று சொல்லும் எண்ணைத் தேடி எடுத்து வெளியிட்டார்கள். அதே ஆராய்ச்சி இன்னொன்றையும் காட்டிற்று: மருந்தை ஒழுங்காக எடுக்கும்வரை தேக்கத்திலுள்ள வைரஸ் மாறுவதில்லை, எதிர்ப்பு வளர்வதில்லை, ஆகவே மருந்து ஆயுள் முழுவதும் வேலை செய்யும். குணத்தை மறுத்த கையே ஆயுளைத் திருப்பித் தந்தது.

பிற்பாடு வந்தவை நிலைமையை இன்னும் கடினமாக்கின. 2013ல், சோதனைச்சாலையில் ஒரு முறை எழுப்பியபோது எழாத பிரதிகளிலும் பல பழுதில்லாதவை என்றும், தேக்கம் முன்பு எண்ணியதைப்போல் அறுபது மடங்குவரை இருக்கலாம் என்றும் தெரிந்தது. 2014ல், தொற்றிய செல்கள் தாமாகப் பிரிந்து பெருகி வைரஸையும் சேர்த்துப் பிரதி எடுக்கின்றன என்று கண்டார்கள். 2023ல், இருபது வருஷத்துக்கு மேல் மருந்து எடுத்தவர்களிடம் தேக்கம் வற்றுவது நின்று மெல்ல ஏறுவதையும் ஸிலிஸியானோ குழுவே அறிவித்தது. காத்திருந்தால் தீரும் என்ற கணக்கும் போயிற்று.

தேக்கம் என்றதும் நம் மனதில் மேட்டூர் மாதிரி ஏதோ ஒன்று வருகிறது. ஒரு கரை, ஒரு மதகு, திறந்துவிட்டால் காலியாகிற தண்ணீர். இந்தச் சித்திரம் விஞ்ஞானிகளையும் ஓரளவு ஏமாற்றியிருக்க வேண்டும். உறங்குவதை மருந்தால் எழுப்பி, எழுந்ததும் அழிப்பது என்ற திட்டத்துக்கு அதிர்ச்சி கொடுத்துக் கொல்வது என்று பெயர் வைத்தார்கள். ஸான்டாகின் யுத்த பாஷை போகவில்லை. 2012ல் டேவிட் மார்கோலிஸ் வோரினோஸ்டாட் என்ற புற்றுநோய் மருந்தைக் கொடுத்து வைரஸை எழுப்பிக் காட்டினார். எழுந்தது, ஆனால் சாகவில்லை. அடுத்தடுத்த பரிசோதனைகளிலும் தேக்கம் குறிப்பிடத்தக்க அளவு குறையவில்லை. கரையும் இல்லை, மதகும் இல்லை. நிணநீர் முடிச்சுகளிலும் குடற்சுவரிலும் ரத்தத்திலும் மூளையிலும்கூடச் சிதறிக் கிடக்கும் தனித்தனித் துளிகள்தான்.

5

ஆனாலும் சிலர் குணமாகியிருக்கிறார்கள். முதல் மனிதர் டிமதி ரே பிரௌன், 1966ல் பிறந்த அமெரிக்கர். 1995ல் பெர்லினில் மாணவராக இருந்தபோது தொற்று தெரிந்தது. 2006ல் ரத்தப் புற்றுநோயும் வந்தது. ஜெரோ ஹுட்டர் என்ற இளம் புற்றுநோய் மருத்துவருக்கு ஒரு யோசனை தோன்றிற்று. எச்.ஐ.வி. செல்லுக்குள் நுழைவதற்கு சி.சி.ஆர்.5 என்ற புரதம் ஒரு வாசல். வட ஐரோப்பிய வம்சத்தவரில் நூற்றுக்கு ஒருவர் போல இது இல்லாமலே பிறக்கிறார்கள். அப்படிப்பட்டவரின் ஸ்டெம் செல்லை எடுத்துச் செலுத்தினால்? பொருத்தமான தானகர்த்தாக்களைச் சோதித்து வந்ததில் 61வது நபர் கிடைத்தார். 2007 பிப்ரவரியில் சிகிச்சை. புற்றுநோய் திரும்பியதால் 2008 பிப்ரவரியில் மீண்டும். பிரௌன் சாவின் விளிம்புவரை போய், நடக்க மறுபடி கற்றுக்கொண்டு மீண்டார். வைரஸ் திரும்பவில்லை. 2008ல் ஒரு மாநாட்டின் சுவரொட்டிகளுக்கு நடுவே இந்தச் செய்தி தொங்கியபோது அநேகர் நின்று படிக்கவில்லை. 2009ல் கட்டுரை பிரசுரமான பிறகே உலகம் திரும்பிப் பார்த்தது.

இது ஏன் பலித்தது என்பதற்கான விளக்கத்தில் வாசல் மூடியது பாதிதான். புதிதாக வந்த செல்கள் பழைய வெள்ளணுக்களை அந்நியமாகக் கருதி ஒவ்வொன்றாக அழித்துவிடுகின்றன. வாசல் திறந்தே இருக்கும் செல்களைப் பெற்ற ஜெனீவா நோயாளி ஒருவரிடமும் வைரஸ் திரும்பவில்லை என்று 2023ல் அறிவிக்கப்பட்டது இதற்குச் சான்று. இச்சிகிச்சை பெற்றவர்களுக்குக் குழந்தைப் பருவத்துத் தடுப்பூசிகளை மறுபடி போட வேண்டியிருக்கிறது. பழைய நினைவு முழுவதும் போய்விடுவதுதான் காரணம். நினைவில் புகுந்துகொண்ட ஒன்றை நினைவோடு சேர்த்தே அகற்ற முடிந்திருக்கிறது, இதுவரை. புற்றுநோய் இல்லாத எவருக்கும் கொடுக்கத் துணியாத அபாயகரமான சிகிச்சை அது. 2025வரை இவ்வழியில் குணமானவர்கள் பத்துப் பேர் அளவில்.

குணம் என்று எப்படித் தெரியும்? இருப்பதை நிரூபிக்கச் சோதனை உண்டு. இல்லை என்பதற்கு மருந்தை நிறுத்திவிட்டுக் காத்திருப்பதைத் தவிர வழியில்லை. பாஸ்டனில் இதே சிகிச்சை பெற்ற இருவர் மருந்தை நிறுத்தினார்கள். 2013 ஜூலையில் நம்பிக்கையோடு அறிவிக்கப்பட்டது. ஒருவருக்கு 12 வாரத்திலும் மற்றவருக்கு 32 வாரத்திலும் வைரஸ் திரும்பிற்று. மிஸிஸிப்பியில் 2010ல் தொற்றோடு பிறந்த ஒரு குழந்தைக்குச் சுமார் முப்பது மணி நேரத்திலேயே மருந்து தொடங்கப்பட்டது. பதினெட்டாவது மாதத்தில் சிகிச்சை விட்டுப்போயிற்று. சில மாதங்கள் கழித்துத் திரும்ப அழைத்து வரப்பட்டபோது வைரஸைக் காணவில்லை. 2013 மார்ச்சில் உலகப் பத்திரிகைகளெல்லாம் அக்குழந்தை குணமாகிவிட்டது என்று எழுதின. 27 மாதங்கள் மருந்தில்லாமல் இருந்த பின், 2014 ஜூலையில், வைரஸ் மறுபடி தோன்றிற்று. அதுமுதல் துறைக்காரர்கள் குணம் என்று சொல்லத் தயங்கி, தணிவு என்ற பொருள்படும் சொல்லை முன்னால் வைக்கிறார்கள். நம் பத்திரிகைகள் இன்னும் தயங்கவில்லை.

பிரௌன் 2010ல் தன் பெயரை வெளியிட்டார். பெர்லின் நோயாளி என்ற அடைமொழிக்குள் இருந்திருக்கலாம். குணமான ஒரே மனிதனாகத் தான் இருக்க விரும்பவில்லை என்று சொல்லி, தன் ரத்தத்தையும் திசுக்களையும் திரும்பத் திரும்ப ஆராய்ச்சிக்குக் கொடுத்தார். 2020 செப்டம்பர் 29ந் தேதி, திரும்பி வந்த புற்றுநோயால் இறந்தார். எச்.ஐ.வி. அவரிடம் அப்போதும் இல்லை.

சான் டியேகோவில் 2017லிருந்து நடந்து வரும் ஆராய்ச்சிக்குக் கடைசிப் பரிசு என்று பெயர். வேறு நோயால் சாகும் தறுவாயில் உள்ள தொற்றாளர்கள், இறந்த சில மணி நேரத்துக்குள் தம் உடலைத் திறந்து ஒவ்வொரு உறுப்பிலும் வைரஸைத் தேடச் சம்மதம் எழுதிக் கொடுக்கிறார்கள். சிலர் கடைசி வாரங்களில் மருந்தை நிறுத்தவும் சம்மதித்தார்கள். பலன் தமக்கு இல்லை என்று தெரிந்து செய்தது. 1986ல் சென்னையில் எடுக்கப்பட்ட ரத்தத்தையும் இதையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது, இரண்டும் ஒரே ஞானத்துக்குப் பங்களித்தவை என்பது புரிகிறது. ஒன்றுக்குப் பெயரும் சம்மதமும் மரியாதையும் இருக்கின்றன.

6

குணம் யாருக்கு என்ற கேள்வி பாக்கி இருக்கிறது. உலகத் தொற்றுகளில் ஏறத்தாழப் பாதி, இந்தியாவிலும் தென்னாப்பிரிக்காவிலும் பரவியுள்ள சி வகை வைரஸால் ஆனது. தேக்கத்தைப் பற்றி மேலே சொன்னவற்றில் பெரும்பகுதி அமெரிக்க, ஐரோப்பிய ஆண்களிடமுள்ள பி வகையிலிருந்து அறியப்பட்டது. மருந்தின் கதையும் இப்படித்தான் தொடங்கிற்று. வருஷத்துக்குப் பத்தாயிரம் டாலருக்கு மேல் விற்ற மும்மருந்தை 350 டாலருக்குத் தருவதாக 2001ல் பம்பாயின் சிப்ளா அறிவித்த பிறகே ஏழை நாடுகளில் அது பேச்சுக்குரிய விஷயமாயிற்று. இந்திய அரசு இலவசமாகக் கொடுக்க ஆரம்பித்தது 2004 ஏப்ரலில். 2023 முடிவில் உலகில் தொற்றோடு இருந்த சுமார் 4 கோடிப் பேரில் 3 கோடிப் பேர் மருந்தில் இருந்தார்கள். 2025 ஜனவரியில் அமெரிக்கா தன் வெளிநாட்டு உதவிகளை நிறுத்தி வைத்தபோது ஆப்பிரிக்காவில் பல சிகிச்சை நிலையங்கள் மூடின. பத்து லட்சத்தில் ஒரு செல் உறங்குகிறது என்பதன் அரசியல் அர்த்தம் இது: தினம் ஒரு மாத்திரை, அதைத் தரும் ஏதோ ஒரு கை, ஆயுள் முழுவதும். கை பின்வாங்கினால் இரண்டு மூன்று வாரம். குணத்தைத் தேடுவது ஆடம்பரமல்ல என்பதற்கு இதைவிடக் காரணம் வேண்டியதில்லை.

கடைசியாக, சொல்லுக்கே திரும்புகிறேன். ஒருவருக்குத் தொற்று இருந்து மற்றவருக்கு இல்லாத தம்பதிகளையும் ஜோடிகளையும் வருஷக்கணக்கில் தொடர்ந்து கவனித்த ஐரோப்பிய ஆராய்ச்சியின் முடிவுகள் 2016லும் 2019லும் வெளிவந்தன. மருந்தால் ரத்தத்தில் வைரஸ் காணப்படாத நிலையில் இருப்பவரிடமிருந்து உடலுறவின் மூலம் துணைவருக்குத் தொற்றியது ஒரு முறைகூட இல்லை. தேக்கம் அவர்களுக்குள் இருக்கிறது. பல லட்சம் செல்களில் ஒன்றாக, உறங்கியபடி. ஆனால் அவர்கள் எவருக்கும் தேக்கமல்ல. காப்பு இல்லத்தின் சுவருக்குப் பின்னால் இருந்த பெண்களைப் பற்றிச் சொன்ன அந்தப் பழைய பதம், மருந்து கிடைக்கும் எந்த மனிதரைப் பொறுத்தும் இன்று உண்மையல்ல. அதைத் திருப்பிச் சொல்லி அவர்களிடம் வருத்தம் தெரிவிக்க வேண்டுமானால், அவர்கள் பெயர்கள்கூட நம்மிடம் இல்லை.